வளர்பிறையாய் மீளும் வாழ்வு

ஓசூர் நகரின் அடையாளமாக நிற்பது அந்த மலை. அதன் மேல் மரகதாம்பாள் உடனுறை சந்திரசூடேஸ்வரர் கோயில் கொண்டு அருள்பாலிக்கிறார். அடிவாரத்தில் தேர்ப்பேட்டை, சுற்றிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள். அதிகாலையில் ஆலைப் பேருந்துகள் ஒருபுறம் விரைய, மறுபுறம் ஓய்வு பெற்ற பெரியவர்கள் அர்ச்சனைத் தட்டுடன் மலையை நோக்கி நடப்பார்கள்.

சந்திரனைச் சூடியவர் என்பதால் ஈசனுக்கு இத்திருநாமம். அந்தச் சந்திரனின் கதை அன்பர்கள் அறிந்ததே. தட்சன் தன் இருபத்தேழு பெண்களையும் சந்திரனுக்கு மணம் செய்து கொடுத்தான். அவனோ ரோகிணியிடம் மட்டுமே அன்பு காட்டினான். வெகுண்ட தட்சன், 'தேய்ந்து போவாயாக' என்று சபித்தான். நாளுக்கொரு கலையாகத் தேய்ந்து, எஞ்சிய ஒற்றைக் கலையுடன் சந்திரன் ஈசனைச் சரணடைந்தான். பெருமான் அவனை எடுத்துத் தம் சடையில் சூடிக்கொண்டார்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் கடந்து போகும் இடம் ஒன்று உண்டு. ஈசன் சடையில் இடம் கொடுத்த அந்தக் கணத்திலேயே சந்திரன் முழுமதியாகிவிடவில்லை. உயிர் காக்கப்பட்டது, அவ்வளவுதான். இழந்த ஒளியை அவன் நாளுக்கொரு கலையாகத்தான் திரும்பப் பெற்றான். காத்தருளிய ஈசனே அந்த வளர்ச்சிக்குக் கால அவகாசம் வைத்தார்.

இதயத் துடிப்பு நின்று, மருத்துவத்தால் மீட்கப்பட்டு, வீடு திரும்புகிறவர்களின் நிலையும் இதுவே. துடிப்பு திரும்புவது நிமிடங்களில் நடந்துவிடுகிறது. மனிதர் முழுமையாகத் திரும்புவதற்கு மாதங்கள் ஆகின்றன. இதை அறியாத குடும்பங்கள், 'பிழைத்து வந்தாரே தவிர, பழைய ஆளாக இல்லையே' என்று மனம் நொந்து போகின்றன. அறிந்த குடும்பங்களோ, வளர்பிறையைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு நாளும் கூடுகிற ஒளியைப் பார்க்கின்றன.

குப்பத்தில் நடந்தது

கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒட்டி, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஊர் குப்பம். 2023 ஜனவரி 27 அன்று அங்கு தொடங்கிய அரசியல் நடைப்பயணம் ஒன்றில் தெலுங்கு நடிகர் நந்தமூரி தாரகரத்னா கலந்துகொண்டார். கண்ணனாகத் திரையில் தோன்றித் தமிழர் மனத்திலும் இடம்பிடித்த என்.டி.ராமாராவின் பேரன் அவர். வயது 39. கூட்டத்தில் நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று சரிந்து விழுந்தார். இதயத் துடிப்பு நின்றிருந்தது.

குப்பத்து மருத்துவர்கள் நீண்ட நேரம் போராடித் துடிப்பை மீட்டார்கள். பிறகு அவர் ஓசூர் நெடுஞ்சாலையில், பொம்மசந்திராவில் உள்ள நாராயண ஹ்ருதயாலயா மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். மூன்று வாரங்களுக்கும் மேலாகத் தீவிர சிகிச்சை நடந்தது. இதயம் துடித்தது, ஆனால் இரத்த ஓட்டம் இல்லாத அந்த நேரத்தில் மூளைக்கு நேர்ந்த பாதிப்பு நீங்கவில்லை. பிப்ரவரி 18, மகா சிவராத்திரி நாளில், அவர் சிவபதம் அடைந்தார்.

இதே நோயிலிருந்து மீண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். 2023 டிசம்பர் 14 அன்று மும்பையில் படப்பிடிப்பு முடித்து வீடு திரும்பிய நடிகர் ஸ்ரேயஸ் தள்படேவுக்கு மாரடைப்பு வந்து, இதயமும் நின்றது. ஏறத்தாழ பத்து நிமிடங்கள் தம் இதயம் துடிக்கவில்லை என்று பின்னர் பேட்டிகளில் அவரே கூறியிருக்கிறார். மின்னதிர்வு கொடுத்துத் துடிப்பை மீட்டு, இரத்தக் குழாய் அடைப்பையும் மருத்துவர்கள் நீக்கினார்கள். மறு ஆண்டே அவர் தம் தொழிலுக்குத் திரும்பினார்.

கால்பந்து பார்க்கும் பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளில் கிறிஸ்டியன் எரிக்சன் என்ற பெயர் தெரிந்திருக்கும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில், ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்த டென்மார்க் வீரர் அவர். அங்கேயே மார்பை அழுத்தி முதலுதவி செய்து, மின்னதிர்வும் கொடுத்தார்கள். மைதானத்தை விட்டு வெளியே கொண்டு செல்லும்போதே அவர் கண் விழித்திருந்தார். மார்பில் ஒரு சிறு கருவியைப் பொருத்திக்கொண்டு எட்டு மாதங்களில் மீண்டும் ஆடத் தொடங்கினார்.

ஒரே நோய்தான், முடிவு மட்டும் வெவ்வேறு. விதி, வயது, நோயின் காரணம் என்று பலவும் இதில் சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் மனிதர் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: துடிப்பு நின்றதற்கும் உதவி தொடங்கியதற்கும் இடைப்பட்ட நேரம்.

மாரடைப்பு வேறு, துடிப்பு நிற்பது வேறு

இரண்டையும் ஒன்றாகவே பேசுவது வழக்கமாகிவிட்டது. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயில் ஏற்படும் அடைப்பு. நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், வியர்க்கும், பேசுவார், இதயம் துடித்துக்கொண்டிருக்கும். கார்டியாக் அரெஸ்ட் என்பது துடிப்பே நின்று போவது. இதயத்தை இயக்கும் மின்னோட்டம் தாறுமாறாகி, இதயம் வெறுமனே நடுங்குமே தவிர இரத்தத்தை வெளியேற்றாது. சில நொடிகளில் நினைவு தப்பும். மூச்சு நிற்கும், அல்லது விட்டுவிட்டுத் திணறும். மாரடைப்பு இதற்கு ஒரு முக்கியக் காரணம். இதயத் தசை நோய்களும், இரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவு மிகவும் மாறுவதும் பிற காரணங்களில் சில.

இரத்தம் கிடைக்காத மூளை நாலைந்து நிமிடங்களிலேயே பாதிக்கப்படத் தொடங்குகிறது. எந்த உதவியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் குறைகிறது. 108 எவ்வளவு விரைந்து வந்தாலும் அதற்குச் சில நிமிடங்கள் ஆகவே செய்யும். அந்தச் சில நிமிடங்கள் வீட்டில் இருப்பவர் கையில் இருக்கின்றன.

இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 2017-இல் பொதுமக்களுக்கென எளிய முறை ஒன்றை வகுத்தளித்தது. வாயோடு வாய் வைத்து ஊதத் தேவையில்லை. மார்பை அழுத்தினால் போதும். விழுந்தவரின் தோளைத் தட்டி அழைக்க வேண்டும். பதிலும் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் 108-ஐ அழைத்து, கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைக்க வேண்டும். கட்டில் மெத்தையில் இருப்பவரைத் தரையில் கிடத்தி, மார்பின் நடுவே ஒரு கையின் மேல் மறு கையை வைத்து, முழங்கையை மடக்காமல், இரண்டு அங்குல ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒருவர் களைத்தால் மற்றவர் தொடர வேண்டும். உதவி வந்து சேரும்வரை நிறுத்தக்கூடாது.

'பெரியவர் மேல் எப்படி இவ்வளவு பலமாகக் கை வைப்பது, எலும்பு முறிந்துவிடாதா?' என்ற தயக்கம் இயல்பானது. சில வேளை விலா எலும்பு முறியத்தான் செய்கிறது. முறிந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். நின்ற மூளைக்கு இரத்தம் அனுப்ப வேறு வழியில்லை.

வீட்டுக்கு வந்தவர் ஏன் மாறியிருக்கிறார்?

வெகுகாலம் மருத்துவ உலகமே, நோயாளி உயிருடன் வெளியேறுவதோடு தன் கடமை முடிந்ததாகக் கருதிவந்தது. மார்பை அழுத்தி இதயத்தை இயக்கலாம் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் உலகுக்கு அறிவித்தது 1960-இல். அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2020-இல்தான், அமெரிக்க இதயச் சங்கம் தன் உயிர்காப்புச் சங்கிலியில் 'மீட்சி' என்னும் ஆறாவது கண்ணியைச் சேர்த்தது. மருத்துவமனையை விட்டு வெளியேறிய மூன்று மாதங்களுக்குள் மறதி, மனநிலை, களைப்பு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும் என்று 2021-இல் ஐரோப்பிய நெறிமுறைகளும் வலியுறுத்தின. மருத்துவர்களே அண்மையில் எழுதிவைத்த பாடத்தைக் குடும்பத்தார் முன்பே அறிந்திருக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

பிழைத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நினைவாற்றலிலோ, கவனத்திலோ, திட்டமிட்டுச் செய்யும் திறனிலோ ஏதேனும் குறை காணப்படுகிறது. பெரும்பாலும் அது இலேசானது; வெளியார் கண்ணுக்குத் தெரியாது; வீட்டாருக்கு மட்டும் தெரியும்.

மூளையில் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி, இரத்தக் குறைவை மிகவும் தாங்காத பகுதிகளில் ஒன்று. எனவே பழைய நினைவு நிற்க, புதிய நினைவு நழுவுகிறது. பிள்ளைப் பருவத்தில் மனனம் செய்த விஷ்ணு சகஸ்ரநாமத்தைத் தடையின்றிச் சொல்பவருக்கு, காலை மாத்திரை சாப்பிட்டோமா என்பது நினைவிருக்காது. நாற்பதாண்டுகளுக்கு முந்தைய குடமுழுக்கை விவரிப்பவர், நேற்று வந்து போன சம்பந்தியை மறந்துவிடுவார். 'வேண்டாதது மட்டும் மறந்து போகிறது' என்று வீட்டில் பேச்சு எழும். அது மனிதரின் குற்றமன்று; காயத்தின் இயல்பு. விழுவதற்கு முந்தைய சில நாட்களும், மருத்துவமனையில் கிடந்த நாட்களும் பலருக்கு நினைவில் திரும்பி வருவதே இல்லை. அவற்றைக் கேட்டுத் துளைக்காமல், நடந்ததை நிதானமாக எடுத்துச் சொல்வதே நல்லது.

அடுத்தது களைப்பு. நாள் முழுதும் உழைத்தவனின் களைப்பு உறங்கினால் தீரும். இந்தக் களைப்பு உறங்கி எழுந்த பிறகும் இருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், தொலைக்காட்சி அலறினால், உறவினர் கூட்டமாய் வந்து நலம் விசாரித்தால், அவர் சோர்ந்து படுத்துவிடுவார். சோம்பல் என்று இதைக் கருதலாகாது.

மூன்றாவது அச்சமும் மனச்சோர்வும். உறங்கினால் விழிப்போமா என்ற பயம், தனியே குளியலறைக்குச் செல்லத் தயக்கம், காரணமில்லாத கோபம், பூசையில் கூட மனம் ஒன்றாமை ஆகியவை பலருக்கும் வருகின்றன. மார்பை அழுத்தியதால் உண்டான வலி சில வாரங்கள் நீடிக்கும். ஒவ்வொரு வலியையும் அடுத்த மாரடைப்பாக நினைத்து வீடே நடுங்கும். அழுத்தினாலும் திரும்பிப் படுத்தாலும் கூடுகிற வலி பெரும்பாலும் எலும்பும் தசையும் சார்ந்தது. இருப்பினும் புதிதாக வரும் வலியை மருத்துவரிடம் காட்டித் தெளிந்துகொள்வதே முறை.

ஆறுதலான செய்தியும் உண்டு. நினைவாற்றலின் மீட்சி முதல் மூன்று மாதங்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. ஓராண்டு வரையிலும் சிறுகச் சிறுகத் தொடரவும் கூடும். நாட்குறிப்பு, வாரத்தின் ஏழு நாட்களுக்கும் அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி, சுவரில் தொங்கும் நாட்காட்டி, ஒரு நேரத்தில் ஒரே வேலை, பகலில் சிறு ஓய்வு ஆகிய எளிய உதவிகள் பெரும்பலன் தரும். மறதியும் சோர்வும் தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவரையோ மனநல மருத்துவரையோ நாடுவதில் வெட்கத்துக்கு இடமில்லை. காலில் எலும்பு முறிந்தவர் கோலூன்றி நடப்பதைப் போன்றதே இதுவும்.

பார்த்துக்கொண்டிருந்தவரின் காயம்

நின்ற இதயத்தை நோயாளி அறியார். அவருக்கு அந்த நேரமே நினைவில் இல்லை. அதை முழுவதும் கண்ணால் கண்டவர் பக்கத்தில் இருந்த துணைவியார். நீல நிறமாகிய முகத்தையும், திணறிய மூச்சையும், 108-க்காகக் காத்திருந்த நேரத்தையும் அவர் இரவுதோறும் காண்கிறார். கணவரின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று நள்ளிரவில் எழுந்து பார்க்கிறார். 'அவருக்குத்தானே நோய், உனக்கென்ன?' என்று கேட்பது பெருந்தவறு. பார்த்தவர்களுக்கும் மனக்காயம் உண்டு என்பதை மருத்துவ நெறிமுறைகளே ஒப்புக்கொண்டு, குடும்பத்தாரையும் விசாரிக்கச் சொல்கின்றன.

வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ வாரம் ஒரு முறை அந்தத் தாயை வீட்டுப் பொறுப்பிலிருந்து இரண்டு மணி நேரம் விடுவித்தால் போதும். அவர் கோயிலுக்குப் போய் நிம்மதியாக ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டு வரட்டும். மருத்துவச் சீட்டில் எழுதப்படாத மருந்து அது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அன்பின் மிகுதியால் எல்லா வேலைகளையும் அவரிடமிருந்து பிடுங்கிவிடுவது வழக்கம். பூத்தொடுக்கவும், விளக்கேற்றவும், காய்கறி நறுக்கவும், கணக்கு எழுதவும் அவரை விட வேண்டும். தவறினால் திருத்திக்கொள்ளலாம். தமக்கு ஒரு கடமை மிச்சம் இருக்கிறது என்ற எண்ணமே மனிதரை எழுந்து உட்கார வைக்கிறது.

மார்பில் ஒரு காவலாளி

மீண்டும் துடிப்பு தாறுமாறாகக்கூடிய நிலை இருந்தால், தோள்பட்டைக்குக் கீழே ஐ.சி.டி. என்னும் சிறு கருவியை மருத்துவர்கள் பொருத்துவார்கள். இதயத்தை எந்நேரமும் கண்காணித்து, வேண்டும்போது உள்ளிருந்தே மின்னதிர்வு கொடுக்கும் காவலாளி அது.

இக்கருவி பிறந்ததற்கும் ஒரு துயரமே காரணம். போலந்தில் பிறந்த மிஷெல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர் இஸ்ரேலில் பணியாற்றியபோது, அவருடைய ஆசானான மருத்துவர் ஹெல்லர் இதயத் துடிப்புக் கோளாற்றால் 1966-இல் காலமானார். 'எப்போதும் மருத்துவமனையிலேயே கிடக்காமல், காக்கும் கருவியை உடலுக்குள்ளேயே வைக்க முடியாதா?' என்ற எண்ணம் மாணவருக்கு அப்போது எழுந்தது. பலர் எள்ளி நகையாடினர். 1980-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு அக்கருவி பொருத்தப்பட்டது. ஆசானுக்குச் செலுத்திய குருதட்சிணை என்றே அதைக் கொள்ளலாம்.

கருவி பொருத்திக்கொண்ட அன்பர்கள் அறியவேண்டியவை சில. முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள், கருவி உள்ள பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தலாகாது. உள்ளே இருக்கும் கம்பி இடம்பெயரக்கூடும். ஆகவே தலைக்கு மேல் கைகூப்பி வணங்குவதும், தரையில் விழுந்து வணங்குவதும் அப்போது வேண்டாம். நெஞ்சுக்கு நேரே கைகூப்பினால் ஈசன் ஏற்றுக்கொள்வார். கோயில் வாயிலில் உள்ள உலோகச் சோதனை வளையத்தை இயல்பாக நடந்து கடக்கலாம். அதன் மேல் சாய்ந்து நிற்கக்கூடாது. கையில் வைத்துச் சோதிக்கும் கருவியை மார்பின் மேல் நிறுத்தி வைக்காதபடி, அடையாள அட்டையைக் காட்டிக் காவலரிடம் கேட்டுக்கொள்ளலாம். கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்கவே கூடாது. கருவிக்கும் அதற்கும் அரை அடியாவது இடைவெளி வேண்டும். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பது நலம்.

ஓசூர்ப் பகுதியில் ஒரு கேள்வி அடிக்கடி எழும்: 'ஆலை வேலைக்குத் திரும்பலாமா?' வெல்டிங், பெரிய மின்மோட்டார், ஜெனரேட்டர் ஆகியவற்றின் அருகே வேலை பார்ப்பவர்கள் மருத்துவரிடம் தம் பணியிடத்தை விவரித்து, அனுமதி பெற்ற பிறகே திரும்ப வேண்டும். வாகனம் ஓட்டுவதற்கும் அப்படியே. லாரி, பேருந்து ஓட்டி வாழ்ந்தவர்களுக்கு இது வாழ்வாதாரக் கேள்வி. வேறு பணிக்கு மாறுவது குறித்துக் குடும்பம் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

கருவி ஒரு முறை அதிர்வு கொடுத்து, அதன் பின் உடல் நன்றாக இருந்தால், அன்றே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். அடுத்தடுத்து அதிர்வு வந்தாலோ, மயக்கமும் மூச்சுத் திணறலும் இருந்தாலோ, தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

மீண்டும் கோயிலுக்கு

'இனி எப்போது சுவாமி தரிசனம்?' என்பதே மூத்த அன்பர்கள் முதலில் கேட்கும் கேள்வி. மருத்துவர் நடக்கச் சொன்ன நாள் முதல் அதற்கான பயிற்சி தொடங்கிவிடுகிறது. முதலில் வீட்டுக் கூடத்தில் ஐந்து நிமிட நடை, பிறகு வாசல்வரை, பிறகு தெருமுனைப் பிள்ளையார் வரை. வேகத்துக்கு அளவுகோலாக மருத்துவர்கள் சொல்வது, நடக்கும்போது தடையின்றிப் பேச முடிய வேண்டும் என்பது. அன்பர்களுக்கு அதை வேறுவிதமாகச் சொல்லலாம்: நாமம் சொல்லிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே சரியான வேகம். நாமம் நின்று மூச்சு வாங்கினால் நடையைக் குறைக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், படபடப்பு வந்தால் உட்கார்ந்துவிட வேண்டும்.

கோயிலுக்குப் போகத் தொடங்கும்போது, கூட்டம் குறைந்த காலை நேரமும் துணைக்கு ஒருவரும் தேவை. உச்சிவேளையில் சுடுகின்ற கல்தளத்தில் வலம் வருதல், நெரிசலான கருவறை முன் நெடுநேரம் நிற்றல், வயிறு நிறைய உண்டவுடன் பிராகாரம் சுற்றல், அங்கப்பிரதட்சிணம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சந்திரசூடேஸ்வரர் மலைக்கு வாகனத்தில் செல்லவும் பாதை இருக்கிறது. படியேறாமல் தரிசித்தால் புண்ணியம் குறைந்துவிடாது.

ஏகாதசி, பிரதோஷ விரதங்களைப் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும். இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளை விரதத்துக்காக ஒரு நாள்கூட நிறுத்தலாகாது; ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். புளியோதரையும் நெய் ஒழுகும் பொங்கலும் பிரசாதமாகக் கிடைத்தால், கண்ணில் ஒற்றி ஒரு வாய் உண்டு, மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

மலைத்தலங்கள் வேறு கணக்கு. அமர்நாத் யாத்திரைக்கு மருத்துவச் சான்று கட்டாயம். 70 வயதைக் கடந்தவர்களுக்கு அனுமதி இல்லை. அறுபது வயதைத் தாண்டியவர்களும் இதய நோய் உள்ளவர்களும் திருமலைக்கு நடந்து ஏறுவதைத் தவிர்க்குமாறு திருப்பதி தேவஸ்தானம் கேட்டுக்கொண்டிருக்கிறது. சபரிமலையில் நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றங்களில் இதய சிகிச்சை மையங்களே அமைக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் இருமுடி சுமந்தவர்களுக்கு 'இனி வேண்டாம்' என்ற சொல் எவ்வளவு பாரமானது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அவர்களுக்கு ஆறுதல் சொல்ல ஓர் அடியார் இருக்கிறார். திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் கல்லும் பொருளும் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே நாள் பார்த்து, அடித்தளமிட்டு, ஒவ்வொரு வரிசையாக அடுக்கி ஆலயம் எழுப்பினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்றளிக்கும் அதே நாளில் குடமுழுக்கு. ஈசன் மன்னன் கனவில் தோன்றி, 'நாளை பூசலார் கட்டிய கோயிலில் எழுந்தருள்கிறோம். நீ வேறு நாள் வைத்துக்கொள்' என்று உணர்த்தியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. திருநின்றவூரில் இன்றும் இருதயாலீஸ்வரர் என்ற திருநாமத்துடன் பெருமான் விளங்குகிறார். இதய நோயுற்றவர்கள் அங்கு வந்து வேண்டிச் செல்கிறார்கள். மலையேற முடியாத பெரியவர், மாலை விளக்கேற்றிய பின் கண்மூடி அமர்ந்து, பதினெட்டுப் படிகளையும் மனத்தால் ஏறலாம். தளர்ந்த இதயத்துக்கு அந்த ஏற்றம் தீங்கு செய்யாது.

அருகிலேயே இருக்கும் உதவிகள்

நெடுநாள் சிகிச்சையில் பலர் தவறுவது மருந்தைத் தொடர்வதில்தான். வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகளைக் கொடுத்து, தேவையானோருக்கு இயன்முறைப் பயிற்சியும் அளிக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் நடைமுறையில் உள்ளது.

ஆலைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் பலரும் அறியாத சலுகை ஒன்று உண்டு. ஐந்து ஆண்டுகளேனும் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து, வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் தமக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடர்ந்து பெறலாம். ஒரு வேளை அர்ச்சனைச் செலவு அளவுக்கான தொகையே இது.

சந்திரசூடேஸ்வரர் சன்னதியில் நிற்கும் அன்பர் ஒருவர், அடுத்த முறை ஈசன் சடையிலுள்ள பிறையை உற்றுப் பார்க்கட்டும். அது முழுநிலவு அன்று, ஒரு கீற்றுதான். அந்தக் கீற்றைத்தான் பெருமான் உகந்து தலையில் வைத்திருக்கிறார். இதயம் நின்று மீண்டவர் இன்று ஒரு கீற்றாக இருக்கலாம். நாளை இன்னும் சற்று வளர்வார். பழைய முழுமை வராமற்போனாலும் அந்தக் கீற்றும் ஒளிதான். வீட்டிலுள்ளவர்கள் அவரை அவசரப்படுத்தாமல், கைவிடாமல், பக்கத்தில் இருக்கட்டும். அதுவே அவர்கள் சூட்டும் சடை.